கவரின் மேல் உங்கள் பேர்

மேலகரம்,
விய வருஷம் ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

பட்டாளத்தில் இருக்கும் மாமா அவர்களுக்கு ஆவுடைத்தாய் தலை குனிந்து வணங்கி எழுதிக்கொண்டது.

நீங்கள் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கக் குற்றாலநாதரை வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

இது அம்மா சொல்லி நான் எழுதுகிற கடிதம் இல்லை. நீங்கள் ஜபல்பூர் போனதிலிருந்து உங்களுக்கு வந்ததெல்லாம் என் கையெழுத்து, ஆனால் பேச்சு அம்மாவுடையது. "எழுதுட்டி, தம்பிக்குச் சளி புடிச்சா மிளகு தட்டிப் போட்டுக் குடிக்கச் சொல்லு. அங்கன உள்ள கோதுமையைத் தின்னு வயித்தைக் கெடுத்துக்கிடாதேன்னு எழுது" என்பாள். எழுதுவேன். கடைசியில், "நீயும் ரெண்டு வரி எழுதேன், மூஞ்சியை என்ன சுவருக்குள்ள வச்சிருக்கே" என்பாள். 'ஆவுடை கும்பிடுகிறாள்' என்று மட்டும் எழுதுவேன். அதற்கு மேல் வராது. பிறகு கவரை அப்பாவிடம் கொடுப்போம். கட்டிக்கொள்ளப் போகிறவர் பேரைப் பெண் வாயாலும் சொல்லக் கூடாது, கையாலும் எழுதக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அப்பா உங்கள் பேரை ஏர் உழுத மாதிரி கவர் முழுக்க இழுத்து எழுதி விடுவார். மிச்சமிருக்கும் மூலையில் உங்கள் நம்பரையும் கம்பெனியையும் ஊரையும் நான் நெருக்கி எழுதுவேன். போன வருஷம் அப்பா ராயகிரிக்கு மாடு பார்க்கப் போய்த் திரும்பும்வரை ஒரு கடிதம் பேரில்லாமல் மாடத்தில் கிடந்தது. அது பிந்தி வந்ததற்கு நீங்கள் கோபித்து எழுதியிருந்தீர்கள். காரணம் அதுதான்.

இன்று அம்மாவும் அப்பாவும் களை எடுக்கப் போயிருக்கிறார்கள். பெரிய தம்பி நல்லகண்ணு பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். சின்னவன் மந்திரமூர்த்தி என் பக்கத்தில் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துப் பாதியைத் தனக்கும் பாதியைக் கோழிக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறான். இந்த வருஷம் சாரல் விடவே இல்லை. சிற்றாறு கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. நெற்றியில் வெள்ளை உண்டு. நீங்கள் வந்து பேர் வைக்க வேண்டும் என்று நல்லகண்ணு அதைக் கூப்பிடாமலே வைத்திருக்கிறான்.

மாமா, தை மாதம் நமக்கு நாள் பார்த்திருப்பதாக அம்மா எழுதச் சொன்ன கடிதம் உங்களுக்குக் கிடைத்திருக்கும். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நீங்கள் அப்பாவுக்கு எழுத வேண்டும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. நம் வீட்டிலேயே வளர்ந்தவர் நீங்கள். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் பிறகு வருவது விளங்கும். எனக்கு மூன்று வயதில் ஈறு வீங்கிச் சிவந்தது. வரிசையாக முளைத்த பால்பல் ஒவ்வொன்றாக ஆடி, பள்ளிக்கூடம் சேர்க்கும் முன்பே எல்லாம் விழுந்துவிட்டது. விழுந்ததும் ஈறு ஆறிவிட்டது. பிறகு புதுப்பல் நேராக, வெள்ளையாக முளைத்தது. அம்மா இலஞ்சி முருகனுக்குத் தேங்காய் உடைத்தாள். அந்தப் பல்லுக்கும் அதேபோல் வந்தது. உப்புத் தண்ணீர், கடுக்காய்ப் பொடி, வேலம்பட்டைக் கஷாயம் எல்லாம் ஆயிற்று. பல்லில் புழு இருக்கிறது என்று ஒருத்தி கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, குழாய் வைத்து வாய்க்குள் புகை பிடிக்கவைத்தாள். புழு என்று தட்டில் எதையோ காட்டினாள். அம்மா அதைக் காலால் தேய்த்தாள், எவளோ ஒரு விரோதியைத் தேய்க்கிற மாதிரி. புழு செத்தது, பல் நிற்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நான் வாய் திறந்தால் நாற்றம் வரும். அது எனக்கே தெரியும். தென்காசி பெரிய கோயில் கோபுரம் மேலே ஒன்றுமில்லாமல் மொட்டையாக நிற்கிறதல்லவா, "ஏட்டி, மொட்டைக் கோபுரம் வருது, வழி விடு" என்பார்கள். டீச்சர் ஒரு நாள் அப்பாவைக் கூப்பிட்டு, பல் தேய்க்கப் பழக்கிவிட்டு அனுப்புங்கள் என்றார். நான் தினம் மூன்று வேளை ஈறில் ரத்தம் வரத் தேய்த்துக்கொண்டிருந்த சமயம் அது. அதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன்.

ஒரு நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் முதல் லீவில் வந்திருந்தீர்கள். முன்பல் ஒன்று விழுந்து, அதைச் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிந்துகொண்டிருந்தேன். பால்பல்லைத்தான் அப்படி எறிவார்கள், மறுபடி முளைக்கட்டும் என்று. அது பால்பல் இல்லை என்று எனக்குத் தெரியும். எறிந்தேன். நீங்கள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஏட்டி ஆவுடை, கூரை பூரா உன் பல்லுதான் கெடக்கு. ஒரு மழை பெஞ்சா வீடே இளிக்கும் பாரு" என்றீர்கள். நான் கையால் மூடாமல் சிரித்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் ஒருவர் எதிரில் அப்படிச் சிரித்ததில்லை.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். குத்துக்கல்வலசையில் வீரபாகு சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பந்தியில், "பல்லில்லாத பொண்ணைக் கட்டி என்னலே செய்யப் போறே" என்று யாரோ உங்களைச் சீண்டினார்களாம். "நான் என்ன கரும்பா, அவ கடிச்சுத் திங்கதுக்கு?" என்று கேட்டீர்களாம். பந்தியே சிரித்ததாம். அம்மா இதை ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். என்னிடம் மட்டும் அவள் சொல்லவில்லை, நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ரொம்ப நாள் அதை நினைத்து நினைத்துத்தான் களத்து வேலை எல்லாம் செய்தேன்.

இப்போது டாக்டர் விஷயம். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் மதில் வைத்த பங்களாவுக்கு நாம் சீசனில் பால் ஊற்றுவது வழக்கம். இந்த வருஷம் அங்கே கொல்லத்திலிருந்து மாத்தன் என்று ஒரு பல் டாக்டர் சம்சாரத்தோடு வந்து தங்கியிருந்தார். வேட்டி கட்டிக்கொண்டு, குரங்குக்குப் பழம் கொடுத்துக்கொண்டு, டாக்டர் மாதிரியே இருக்க மாட்டார். நான் பாலை வைத்துவிட்டு, வாயை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பிவிடுவேன். ஒரு நாள் மந்திரமும் கூட வந்தான். அவனுக்கும் ஈறு வீங்கியிருந்தது உங்களுக்கு எழுதியதுதான். டாக்டரின் சம்சாரம் அவனுக்கு ஒரு பிஸ்கோத்துக் கொடுத்தார். கடித்தான், ரத்தம் வந்தது, அலறினான். டாக்டர் ஓடி வந்து அவன் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "மோளே, நீயும் வாய் தொற" என்று கிட்டே வந்தார். எனக்குப் பயம். வேண்டாம் என்று கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டேன்.

மாமா, அவர் என் வாயை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்தார். என் உள்ளங்கை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மஞ்சள் படர்ந்து, தோல் தடித்து, மழைக்காலத்தில் வெடித்து இருக்கும். காலும் அப்படித்தான். "பொண்ணு பாடுபட்ட கை, பாத்தியா" என்றுதான் அம்மா பெருமையாகச் சொல்வாள். சேற்றில் நிற்பதால் வருகிறது என்று விளக்கெண்ணெய் தடவுவாள். நடை பழகும் முன்பே எனக்கு அப்படி இருந்ததை எல்லோரும் மறந்துவிட்டோம். டாக்டர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கால் காணிக்கு" என்று காலையும் காட்டச் சொன்னார். மந்திரத்தின் கையைப் பார்த்தார். அவன் எந்தச் சேற்றில் இறங்கினான்? அவனுக்கும் அப்படியே இருந்தது. டாக்டர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, தொலைந்த மாடு கிடைத்தவர் மாதிரி. சம்சாரத்தைக் கூவிக் கூப்பிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு வெட்கப்பட்டவர்போல் தலையைக் குனிந்துகொண்டார். "பேடிக்கேண்டா மோளே. பயப்படாதே" என்று மெதுவாகச் சொன்னார்.

அடுத்த வாரம் அப்பாவையும் எங்கள் இருவரையும் கொல்லத்துக்கு வரச் சொன்னார். செங்கோட்டை வழியாக ரயிலில் போனோம். மலைக்குள் ரயில் நுழைந்து இருட்டானபோது மந்திரம், "அக்கா, மலை நம்மள முழுங்கிட்டு, அதுக்காவது பல்லு இருக்கா?" என்று கேட்டான். பெட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். அங்கே எங்கள் தாடையை எக்ஸ்ரே படம் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பல்லைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய எலும்பு கரைந்துபோய், எனக்கு மிச்சமிருந்த பற்கள் அந்தரத்தில் நின்றன. தேய்க்காததால் வந்ததில்லை, புழுவும் இல்லை, தின்றதாலும் இல்லை என்றார். மாமா, அதைக் கேட்டு நான் அழுதேன். பத்து வருஷமாக என் சோம்பேறித்தனத்தால் வந்தது என்றுதான் நானே நினைத்திருந்தேன்.

இது பல லட்சம் பேரில் ஒருவருக்கு வருவதாம். பிரெஞ்சு தேசத்து வைத்தியர்கள் இரண்டு பேர் முன்பு ஓர் அண்ணன் தங்கைக்குப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்களாம். உள்ளங்கை, உள்ளங்கால், ஈறு, தாடை எல்லாம் சேர்ந்து ஒரே நோய். டாக்டர் புத்தகத்தில் படித்ததோடு சரி, கண்ணால் பார்ப்பது எங்களைத்தானாம். அதன் பேரைச் சொன்னார், என் நாக்கில் நிற்கவில்லை.

பிறகு அப்பாவைப் பார்த்து, "நீங்களும் பாரியையும் பந்துக்களா?" என்று கேட்டார். பந்து என்றால் சொந்தக்காரர், பாரியை என்றால் சம்சாரம் என்று அவரே சொன்னார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "சொந்த மாமன் மவதான் சாமி. எங்க வகையில அசல்ல குடுக்கிறதும் இல்ல, எடுக்கிறதும் இல்ல" என்றார். டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் கீழே வைத்தார். பிறகு, வயலில் விளைந்த நெல்லையே எப்போதும் விதைக்கு வைப்பீர்களா என்று கேட்டார். "அதெப்படி? ஒரே விதையைப் போட்டுக்கிட்டே இருந்தா பதரு கூடிரும்லா. செங்கோட்டைக்காரங்ககிட்ட மாத்திக்கிடுவோம்" என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்த அறையில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு வேர்க்கவில்லை.

இந்த நோய் தாய் பக்கம் ஒரு துளி, தகப்பன் பக்கம் ஒரு துளி இருந்து, இரண்டும் ஒரு பிள்ளைக்குச் சேர்ந்தால்தான் வருமாம். ஒரு துளி மட்டும் உள்ளவர்களுக்கு ஒன்றும் செய்யாது, வெளியே தெரியவும் தெரியாது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முத்துப் போல் பல் இருப்பது அதனால்தான். நல்லகண்ணுவுக்கு வராததும் அப்படித்தான்.

அப்பா இதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்டேன். நான் அந்நியரிடம் கேள்வி கேட்டேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனக்கு மிச்சமிருந்த பற்களை ஊசி போட்டு மரக்க வைத்து எடுத்துவிட்டார்கள். வாய் நிறையப் பஞ்சு. அதை வைத்துக்கொண்டு, "எனக்கு எங்க மாமாவைப் பேசியிருக்கு, அம்மா கூடப் பிறந்தவுக" என்றேன். டாக்டருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன், புரியவில்லை. மூன்றாம் தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அம்மாவிடம் இருக்கும் துளி உங்களிடமும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. பார்த்துச் சொல்ல வழி கிடையாது. இருந்தால், நமக்குப் பிறக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு என் வாயும் என் கையும் வரும். சம்பந்தமே இல்லாத வெளி ஆளை நான் கட்டினால் அநேகமாக வராது. "யாரை வேணுமானாலும் கட்டு மோளே, பந்துவை மட்டும் வேண்டா" என்றார்.

நான் மருந்துத் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். அப்பா சொன்னார். அம்மா, "நெல்லும் மனுசனும் ஒண்ணா? மலையாளத்தானுக்கு நம்ம முறை என்ன தெரியும்? நல்லகண்ணுவும் இதே வயித்துலதானே பொறந்தான், அவன் எலும்பைக் கடிச்சு முறிக்கானே" என்று கத்தினாள். பிறகு சத்தம் குறைந்தது. "சரி, அந்த ஆளு சொல்லுத மாதிரியே வச்சிக்கிடுவோம். அசல்ல எவன் வருவான் இவளுக்கு? பல்லுக்குப் பொய்ப்பல்லு, கைக்கு இந்தக் கை. தம்பி ஒருத்தன்தான் மனசறிஞ்சு கட்டுதேன்னான்" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை மாமா. என்னை முகம் சுளிக்காமல் கட்டிக்கொள்கிறவர் உறவில்தான் இருக்கிறார். உறவில்தான் நான் கட்டக் கூடாது. இதற்கு நடுவில் எனக்கு இடமே இல்லை. இதைத் திருப்பித் திருப்பி யோசித்துவிட்டேன். வழி இருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

மறுநாளே நாள் பார்க்க ஆளனுப்பினார்கள். தள்ளிப்போட்டால் உங்கள் காதில் விழுந்துவிடும் என்று பயம். 'ஆவுடைக்குப் பல் செட் வருகிறது, ஈறு குணமாகிவிட்டது' என்று மட்டும் அந்த நாளோடு சேர்த்து அம்மா எழுதச் சொன்னாள். எழுதினேன். அதுதான் நீங்கள் படித்தது. அப்பா அந்தக் கடிதத்தின் கவரில் உங்கள் பேரை எழுதும்போது இரண்டு தடவை மை தொட்டுத் தொட்டு நின்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மந்திரத்துக்கு ஆடின பற்களையும் டாக்டர் எடுத்துவிட்டார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அவன் என் மடியில் இருந்தான். ஊசி போடும்போது என் கையைக் கடித்தான். கடித்ததில் அந்தப் பல்லே அசைந்ததை என் விரலில் உணர்ந்தேன். கழுவிக் கொடுத்த பற்களைப் பொட்டலமாகக் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தான். "அக்கா, சாணி உருட்டித் தா, கூரையில போடணும்" என்றான். உருட்டிக் கொடுத்தேன். அவன் கைக்கு எட்டவில்லை, ஓட்டில் பட்டுத் திரும்பித் திரும்பி விழுந்தது. "மாமா வந்தா தோள்ல ஏறிப் போடலாம்" என்று பொட்டலத்தை ஓட்டுக்கு அடியில் எறவாணத்தில் செருகி வைத்திருக்கிறான்.

இப்போது அவனுக்கு ஈறு ஆறிவிட்டது. அழாமல் சாப்பிடுகிறான். நாற்றம் இல்லை. புதுப்பல் முளைக்கும்போது வாயை முதலிலிருந்தே சுத்தமாக வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்டினால் சிலதையாவது நிறுத்திப் பார்க்கலாம் என்றார். நிச்சயம் என்று சொல்லவில்லை. அவனை நான் பார்த்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் அவனை யாரும் எந்தக் கோபுரம் என்றும் சொல்ல விட மாட்டேன்.

பிள்ளை இல்லாவிட்டால் என்ன, நாம் இரண்டு பேர் போதாதா என்று நீங்கள் எழுதுவீர்கள். அதுதான் உங்கள் குணம். ஆனால் நீங்கள் மந்திரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஐந்தருவியில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் அவன் முகத்தில் அடிக்காமல் உங்கள் கையைக் கூரையாகப் பிடித்திருந்தீர்கள். அந்தக் கையைச் சும்மா வைத்திருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. பாதிக்குப் பாதிதானே, பார்த்துக்கொள்வோம் என்றும் சொல்வீர்கள். மாமா, அந்தப் பாதியில் விழுந்த பிள்ளை நான். என் மடியில் ஒரு குழந்தையை வைத்து, அதன் உள்ளங்கை தடிக்கிறதா என்று தினம் காலையில் விரித்துப் பார்க்க என்னால் முடியாது.

அதனால் கேட்கிறேன். வேறு இடம் பார்த்திருப்பதாக நீங்கள் அப்பாவுக்கு எழுதுங்கள். நான் வேண்டாம் என்று சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடிப்பார்கள். அம்மா கிணற்றங்கரையில் போய் உட்கார்ந்துகொள்வாள். நீங்கள் சொன்னால்தான் நிற்கும். காரணம் எழுத வேண்டாம். டாக்டர் பேச்சை எழுதவே வேண்டாம். எழுதினால் நான்தான் சொன்னேன் என்று தெரிந்துவிடும்.

எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளை போல் உங்களை வளர்த்த அக்காள் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுவாள். "பல்லில்லாதவளுன்னு தள்ளிட்டான் பாவி" என்பாள். பந்தியில் சிரித்தவர்களே உங்களைப் பழிப்பார்கள். லீவில் வந்தால் இறங்க வேறு வீடு கிடையாது உங்களுக்கு. ஒரு தப்பும் செய்யாத உங்களிடம் இத்தனையையும் தலையில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். வேறு யாரிடம் கேட்பேன்? நான் கேட்டு நீங்கள் இல்லை என்று சொன்னதில்லை. நான் கேட்டதே இல்லை என்பது வேறு.

நம் வகையில் பெண் எடுக்காதீர்கள். தூரத்தில் பாருங்கள். உங்கள் பேச்சுக்குச் சிரிக்கிற பெண்ணாகப் பாருங்கள்.

ஈறு ஆறியதும் போய் அளவு கொடுத்துவந்த பல் செட் நேற்று வந்தது. கொல்லத்திலிருந்து டாக்டரே பார்சல் கட்டி அனுப்பியிருந்தார். ரப்பர் ஈறு, அதில் பற்கள். முதலில் குமட்டியது. இப்போது போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கண்ணாடியில் பார்த்தேன். யாரோ ஒரு பெண் மாதிரி இருக்கிறது. வார்த்தைகள் இனிமேல் திருத்தமாக வருமாம். தினம் சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும் என்று சீட்டு எழுதி வைத்திருந்தார்.

இந்தக் கவரை அப்பாவிடம் நீட்ட முடியாது. அதனால் அதன் மேல் உங்கள் பேரை நானே எழுதினேன். கையில் வாங்கியபோதே பார்த்திருப்பீர்கள். சின்னதாகத்தான் எழுதினேன், நடுவில், முழுப் பேராக. எழுதிவிட்டு, இனிமேல் எனக்குத் தடை இல்லையே என்று தோன்றியது. வாய் திறந்து சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சிவனணைந்தபெருமாள். ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வந்தது. மந்திரம் தோசையை விட்டுவிட்டு, "யாரைக்கா கூப்பிடுதே?" என்று வாசலைப் பார்த்தான். "யாரையும் இல்லலே, நீ தின்னு" என்றேன்.

கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். தாமதிக்காமல் அப்பாவுக்கு எழுதுங்கள். அந்தக் கடிதம் வந்தால் எல்லோருக்கும் படித்துக் காட்டப் போகிறவள் நான்தான். குரல் நடுங்காமல் படிப்பேன், பயப்பட வேண்டாம். உங்கள் பிள்ளைகள் எலும்பைக் கடித்து முறிக்கிற பல்லோடும், பூப்போன்ற உள்ளங்கையோடும் பிறக்க வேண்டும். குற்றாலநாதரிடம் எனக்காக இனி நான் எதுவும் கேட்கப் போவதில்லை, இதை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் மகள்
ஆவுடைத்தாய்